இனி சார்ஜ் போடக் கூடாது

சனிக்கிழமை காலை அண்ணனின் போன் சாப்பாட்டு மேஜையில் ஆடியது. அவன் வழக்கம்போல ஒற்றை விரலால் 'இன்னும் வேணும்' கட்டத்தை அழுத்தினான். போன் ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் எழுந்து அடங்கியது. தட்டையான மேஜையில் தட்டையான போன் ஏன் ஆட வேண்டும்? எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்க மூடி நடுவில் தொப்பை போட்டிருந்தது. ஓரத்தில் என் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. அப்படியே திருப்பி வைத்துவிட்டு, அவன் தட்டில் இன்னொரு துண்டு ரொட்டியை வைத்து ஜாம் தடவினேன். தடவிக்கொண்டே இருந்தேன். "வாலு, ரொட்டியா சுவரா அது? எத்தனை கோட்டிங் அடிப்பே?" என்றாள் அம்மா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, எல்லாரும் தூங்கிவிட்டார்கள். வீட்டில் ஒருவர் பயந்தால் மற்றவர்களுக்கும் தொற்றிக்கொள்ளும் என்பதால் நான் பகலில் பயப்படுவதில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

அண்ணன் என்னைவிட நான்கு வயது பெரியவன். பிறந்தபோது அவனுக்கு மூச்சு வரத் தாமதமாகிவிட்டது. அதனால் கை, கால், நாக்கு மூன்றும் அவன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இடது ஆள்காட்டி விரல் மட்டும் கேட்கும். அறிவில் ஒரு குறையும் கிடையாது. செஸ்ஸில் அவன் ராணியை எடுத்து வைத்துவிட்டு ஆடினாலும் நான் தோற்பேன். அந்த ஒற்றை விரலால் போனில் கட்டங்களை அழுத்தி அவன் பேசுகிறான். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படம், கீழே ஒரு சொல், உள்ளே ஒரு குரல்.

அந்தக் குரல் என்னுடையது. இப்போதைய குரல் இல்லை, ஏழு வயதுக் குரல். பேச்சுப் பயிற்சி டீச்சர் முதன்முதலில் அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்தபோது அதில் ஒரு இயந்திரக் குரல் இருந்தது. அது 'அம்மா' என்று சொன்னதைக் கேட்டு அண்ணன் அழுதுவிட்டானாம். வீட்டில் யாராவது பேசிப் பதிவு செய்யுங்கள் என்றார் டீச்சர். அம்மா முயன்றாள், மூன்றாவது சொல்லிலேயே அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விட்டாள். அப்பா முயன்றார், அவர் சொன்னதெல்லாம் ரயில் நிலைய அறிவிப்பு போலிருந்தது. நான் சும்மா மேஜைக்கு அடியில் விளையாடிக்கொண்டிருந்தேனாம். என்னைத் தூக்கி உட்கார வைத்துப் பேசச் சொன்னார்கள். அப்போது எனக்கு முன்பல் இரண்டும் இல்லை. அதனால் 'பசிக்குது' என்பதில் இன்றைக்கும் ஒரு சின்ன விசில் கேட்கும். மீசை முளைத்த அண்ணன் பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம் பொக்கை வாய்ப் பாப்பாவின் குரலில் 'கொஞ்சம் தள்ளுங்க' என்பான். அவர் பாப்பாவைத் தேடி சீட்டுக்கு அடியில் பார்ப்பார்.

போன் வாங்கி மூன்று வருடத்தில் ஒருநாள், இந்த மாடலுக்கு இனி அப்டேட் வராது என்று திரையில் ஒரு செய்தி வந்தது. அம்மா கலங்கிப்போனாள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். அவருக்குச் சந்தோஷம்தான். "நல்லதாப் போச்சு. ஓடுற மெஷினை இனிமே யாரும் நோண்ட மாட்டாங்க. நான் பாக்குற லிஃப்ட்டுல பாதி, கம்பெனிக்காரன் கைவிட்டதுதான். என்னைவிட நல்லா மேல போய்ட்டு வருது" என்றார். அதன் பிறகு போனிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டது. முதலில் பேங்க் ஆப் வேலை செய்ய மறுத்தது. பிறகு மேப். பிறகு மெசேஜ் அனுப்புகிற ஆப், இந்த போனில் இனி நான் ஓட மாட்டேன் என்று கைகூப்பிவிட்டது. அண்ணனின் ஆப்பைச் செய்த கம்பெனியே மூடிவிட்டது. அப்பா சிம்மை எடுத்துவிட்டார், வைஃபையை அணைத்துவிட்டார். யாரோடும் சேராத ஆளுக்குச் சளி பிடிக்காது என்பது அவருடைய தத்துவம். அதுவும் பலித்தது. ஐந்து வருடமாக அந்த போன் உலகத்தில் ஒருவரோடும் பேசாமல் எங்களோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அது இன்னும் எவ்வளவு நாள் தாங்கும் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்டால் அதற்குக் காதில் விழுந்துவிடும் என்பதுபோல.

மத்தியானம் அப்பாவிடம் சொன்னேன். அவர் போனைக் கையில் வாங்கி, கண்ணுக்கு நேராகப் பிடித்து, கதவு நேராக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி பார்த்தார். பிறகு சட்டை மாட்டிக்கொண்டார். அண்ணனையும் கூட்டிக்கொண்டு மூவரும் போனோம்.

ரிப்பேர் கடையில் ஓர் அக்கா இருந்தார். நெற்றியில் விளக்கு, உதட்டில் ஸ்க்ரூ.

"இதை எங்க தோண்டி எடுத்தீங்க?"

"தோண்டலைம்மா. தினமும் பேசுது" என்றார் அப்பா.

"அப்டேட் நின்னு எத்தனை வருஷம் ஆச்சு! நின்னதால போன் சாகாது சார். ஒவ்வொரு ஆப்பா டாட்டா காட்டிட்டுக் கிளம்பிடும், அவ்வளவுதான். இது அதையும் தாங்கியிருக்கு. பேட்டரிதான் வயசைக் காட்டிடுச்சு." ஸ்க்ரூவை எடுத்துத் தட்டில் வைத்தார். "முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இனி சார்ஜ் போடக் கூடாது. ஒரு நிமிஷம்கூட. உப்பின பேட்டரி தீ பிடிச்சுக்கும். வேற பேட்டரி திங்கக்கிழமை வரும். மூடியைச் சூடு காட்டித்தான் பிரிக்கணும். இவ்வளவு பழசுல எது எங்க பிச்சுக்கும்னு தெரியாது. பிரிச்சா திரும்ப எழுந்துக்கலாம், எழுந்துக்காமலும் போகலாம். உள்ள முக்கியமா ஏதாவது இருந்தா எடுத்து வச்சுக்குங்க."

"கேபிள் போட்டு எடுக்கலாமா?" என்று கேட்டேன்.

"கேபிள் போட்டா சார்ஜும் கூடவே ஏறுமே. அதுவுமில்லாம இந்த ஆப் குரலையெல்லாம் தன் வயித்துக்குள்ள பூட்டி வச்சிருக்கு. கம்பெனியும் இல்லை. சாவியை யார்கிட்ட கேட்பீங்க?"

'நான் இங்க இருக்கேன்' என்றது என் ஏழு வயதுக் குரல்.

அக்கா எட்டி கவுண்டருக்குக் கீழே பார்த்தார். பிறகு அண்ணனின் விரலைப் பார்த்தார். நெற்றி விளக்கை அணைத்தார். "மன்னிச்சுக்கோ தம்பி. உன்னோடதா? நீ கேளு."

'எவ்வளவு' என்று அழுத்தினான். தேடி, 'நேரம்.'

அக்கா சார்ஜைப் பார்த்தார். பாதிக்குக் கொஞ்சம் மேல் இருந்தது. "அது நீ எவ்வளவு பேசுவேங்கறதைப் பொறுத்துப்பா" என்றார்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அண்ணன் போனை அணைத்துவிட்டான். பொத்தானை அழுத்திப் பிடிக்க அவனுக்கு விரல் நடுங்கும்; நான் உதவப் போனால் முழங்கையால் தள்ளினான். அன்று முழுக்க அவன் பேசவில்லை. பசித்தாலும் சொல்லவில்லை, டிவியை மாற்றச் சொல்லவில்லை. அப்பா வேண்டுமென்றே செஸ் பலகையில் குதிரையை நேராக நகர்த்திப் பார்த்தார், அதற்கும் திட்டவில்லை. "ஏதாவது சொல்லுடா, கேட்டு நாளாச்சு" என்றாள் அம்மா, அரை நாளில். அவன் அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். எங்கள் வீடு இவ்வளவு பெரியதென்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

சித்தப்பா பழைய போன் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். எங்களுக்கு அது புதுசு. அதில் அண்ணனின் ஆப் ஏறவில்லை. இது ரொம்பப் பழைய போனுக்காகச் செய்தது என்று புதுப் போன் திருப்பி அனுப்பிவிட்டது. வேறு ஓர் ஆப் கிடைத்தது. அதிலும் கட்டங்கள், எல்லாம் காலி. ஒரே வழிதான். பழைய போன் பேச வேண்டும், புதுப் போன் கேட்டுப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை படுக்கையறை ஜன்னல்களை மூடினோம். ஃபேனை நிறுத்தினோம். ஃப்ரிட்ஜ் முனகுகிறதென்று அப்பா அதன் பிளக்கையும் பிடுங்கினார். அம்மா ஹோட்டல் லாண்டரியில் வேலை பார்க்கிறாள். ஒரு போர்வையைச் செங்கல் மாதிரி விளிம்பு பிசகாமல் மடித்து மேஜையில் வைத்தாள். அதன் மேல் இரண்டு போன்களையும் எதிரெதிராகச் சாய்த்து வைத்தோம். பெண் பார்க்க வந்த இடத்தில் உட்கார்ந்த இரண்டு பேர் மாதிரி இருந்தன. பழைய போனை நானே அழுத்துகிறேன் என்றேன். அண்ணன் கண்ணை மூடித் திறந்தான். மூடினால் இல்லை, மேலே பார்த்தால் ஆமாம். அவன் வாயை அவன்தான் திறப்பான் என்று அர்த்தம்.

முதல் சொல் 'அம்மா'.

"என்னப்பா?" என்றாள் அம்மா.

"அம்மா! ரெக்கார்டிங்!"

"ஐயோ, ஆமாம்ல. திரும்பக் கூப்பிடச் சொல்லு, வாயைத் திறக்க மாட்டேன்."

திரும்ப 'அம்மா'. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளிருந்து "ம்" என்று வந்தது. நாலாவது தடவைதான் சரியாக விழுந்தது. அடுத்தது 'தண்ணி'. நான் பதிவைச் சேமித்து நிமிர்ந்தபோது அம்மா அறையில் இல்லை. ஒரு கையில் தம்ளரோடு வந்து நின்றாள். எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்ததும்தான் அவளுக்கே தெரிந்தது. "காது கேட்கறதுக்கு முன்னாடி கால் கேட்டுடுச்சு" என்றாள். கதவுச் சத்தம் விழுந்துவிட்டதால் மறுபடி 'தண்ணி'. இந்தத் தடவை அம்மா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அப்பா எழுந்துவிட்டார். "அவரைப் பாரு, என்னைப் பார்த்து முறைச்சாரு!" என்றாள் அம்மா. அண்ணன் சிரித்ததில் உடம்பெல்லாம் குலுங்கி விரல் 'பாத்ரூம்' மேல் விழுந்தது. அப்பா அனிச்சையாக அவன் அக்குளில் கை கொடுத்துத் தூக்கியேவிட்டார்.

இப்படியே போனால் சார்ஜ் எங்கள் வீட்டுக் கூத்துக்கே போய்விடும் என்று இரண்டு பேரையும் சமையலறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினேன். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவர்கள் போகும்போது அண்ணன் 'வலிக்குது' என்று அழுத்தினான். விளையாட்டுக்கென்று தெரிந்தும் அம்மா வாசலில் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் போனாள்.

அதன் பிறகு வேகமாக நடந்தது. நான் 'ம்' என்றால் அவன் அழுத்துவான். நான் சேமிப்பேன். பெயரை அடிப்பேன். அடுத்த கட்டம். சாப்பாட்டுப் பக்கம் முடிந்தது, வீட்டுப் பக்கம் முடிந்தது, வெளியே போகும்போது பேசுகிற பக்கம் முடிந்தது. பழைய போன் லேசாகச் சுட ஆரம்பித்தது. அணைத்து, ஜன்னல் திட்டில் ஆறவைத்து, மறுபடி தொடர்ந்தோம். ஒவ்வொரு தடவை எழுந்து வரும்போதும் சார்ஜ் கொஞ்சம் கூடுதலாகவே விழுங்கியிருந்தது. நான் அண்ணனைப் பார்க்கவில்லை. இரண்டு திரைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பேட்டரி அடையாளம் சிவப்பானபோது இன்னும் இரண்டு பக்கம்தான் மிச்சம். முடித்துவிடலாம் என்று தோன்றியது.

மனசுப் பக்கம். 'சந்தோஷமா இருக்கு.' 'கோபமா வருது.' 'போர் அடிக்குது.' அடுத்து 'பயமா இருக்கு.' சேமித்தேன்.

"சூப்பர். அடுத்தது."

'பயமா இருக்கு.'

"அது ஆயிடுச்சுண்ணா. பக்கத்துல, தூக்கமா வருது."

'பயமா இருக்கு.'

"அதான் எடுத்தாச்சுன்னு சொல்றேன்ல? சார்ஜை வேஸ்ட் பண்ணாதே."

விரல் நகரவில்லை. அதே கட்டத்தின் மேல், நகம் வெளுக்கிற மாதிரி அழுத்திக்கொண்டிருந்தது. அப்போதுதான் நிமிர்ந்து அவனைப் பார்த்தேன். காலையிலிருந்து அவன் என்னிடம் சொற்களைக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் எதுவும் சொல்லக்கூடும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து வாயைக் கட்டிக்கொண்டு சேர்த்து வைத்திருந்ததை அவன் செலவு செய்கிறான், நான் அதை வெறும் பதிவாக எடுத்துக்கொண்டு அடுத்தது கேட்கிறேன்.

"என்னண்ணா?" என்றேன்.

'நாளைக்கு' என்று அழுத்தினான். பக்கம் மாற்றி, 'நான்.' இன்னொரு பக்கம் மாற்றினான். அவனுக்கு ஒரு பக்கம் மாற்ற எவ்வளவு பாடு என்று நான் சொல்லவில்லை உங்களுக்கு; தோளிலிருந்து ஆரம்பித்து முழங்கைக்கு வந்து விரலுக்கு இறங்க வேண்டும். 'எங்க?'

செருப்பு எங்கே, அப்பா எங்கே என்று கேட்பதற்காக நான் பதிவு செய்த 'எங்க'. பொக்கை வாயோடு, ஏதோ கண்ணாமூச்சி விளையாடுகிற உற்சாகத்தில் கேட்கிறது அது.

நாளைக்கு அப்பா வேலைக்குப் போகிற வழியில் போனைக் கடையில் கொடுப்பார். மூடியைச் சூடு காட்டிப் பிரிப்பார்கள். எழுந்துக்கலாம், எழுந்துக்காமலும் போகலாம். புதுப் போனில் இருப்பது அவனா, அவன் சொற்களா என்று எனக்கு எப்படித் தெரியும்? இன்னும் ஒரு பக்கம் மிச்சமிருக்கிறது, அதை முடித்துவிட்டுப் பேசலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. கடைசிப் பக்கம் வம்புப் பக்கம். அம்மாவுக்குத் தெரியாமல் நானும் அவனும் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து பதிவு செய்தது. அது போய்விட்டால் அவனுக்குச் சண்டை போடவே ஆயுதம் இல்லை.

புதுப் போனைக் குப்புறப் போட்டேன். "எனக்கும்தான் பயமா இருக்கு" என்றேன்.

'ஏன்?'

"நேத்து மாதிரி நீ பேசாமலே உட்கார்ந்திருப்பியோன்னு. அப்புறம் இன்னொண்ணு. சொன்னா சிரிக்கக் கூடாது." அவன் மேலே பார்த்தான். "ஏழு வயசுல நான் எப்படிப் பேசினேன்னு எனக்கே ஞாபகமில்லை. உன்கிட்ட மட்டும்தான் அவ இருக்கா. அவளும் போயிடுவாளோன்னு."

அண்ணன் என்னையே பார்த்தான். உதட்டோரம் நனைந்திருந்தது, துடைத்துவிட்டேன். மெதுவாகப் பக்கத்தை மாற்றினான். 'நீ.' மாற்றினான். 'சின்னப் பாப்பா.' பிறகு நேராக வம்புப் பக்கத்துக்குப் போனான்.

'போடா.' நான் பெண்ணாக இருந்தாலும் எனக்கும் போடாதான். அந்த வயதில் எனக்குத் தெரிந்த திட்டு அது ஒன்றுதான். பதிவின் கடைசியில் நான் களுக்கென்று சிரிப்பதும் இருக்கும். 'நீ ஏமாத்துற.' 'அம்மாகிட்ட சொல்லிடுவேன்.' 'மூஞ்சியைப் பாரு.' 'போடா. போடா.' ஒன்றுவிடாமல் என் மேல் கொட்டினான். ஒன்றுகூடப் பதிவாகவில்லை. கையை நீட்டினால் புதுப் போன். நான் நீட்டவில்லை. வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன், கண்ணில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. எங்கள் இரண்டு பேர் சத்தமும் சமையலறைக்குப் போய், "என்னடா நடக்குது உள்ள?" என்று அம்மா பஞ்சுக் காதோடு கத்தினாள்.

அவன் சிரிப்பு அடங்கியது. முகம் மாறியது. 'நீ' என்று அழுத்தினான். 'நாளைக்கு.' பக்கத்தை மாற்றினான்.

திரை கறுத்துவிட்டது.

அவன் விரல் மட்டும் கொஞ்ச நேரம் கறுப்புக் கண்ணாடி மேல் எதையோ தேடிக்கொண்டிருந்தது. நான் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். காலி பேட்டரிப் படம் ஒன்று வந்து போனது, அவ்வளவுதான். "நாளைக்கு நான் என்ன பண்ணணும்? கடைக்குக் கூடப் போகணுமா?" கண்ணை மூடினான். "ஸ்கூலுக்கு லீவ் போடணுமா? உன்கூட இருக்கணுமா? கடைக்கார அக்காகிட்ட ஏதாவது சொல்லணுமா?" மூடினான், மூடினான், மூடினான். புதுப் போனை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். எல்லாப் பக்கங்களையும் காட்டினேன். 'தண்ணி' இருந்தது, 'பாத்ரூம்' இருந்தது, 'கொஞ்சம் தள்ளுங்க' இருந்தது. அவனுக்கு வேண்டியது அதில் இல்லை. அல்லது நாங்கள் எடுக்காமல் விட்டதில் இருந்தது.

கடைசிப் பக்கத்துக்கு வந்தோம். காலிக் கட்டங்கள். வேண்டாமென்று நான் மூடப் போனேன். அவன் முழங்கையால் என் கையைத் தள்ளினான். முதல் காலிக் கட்டத்தை அழுத்தினான். பதிவு செய்கிற சிவப்பு வட்டம் வந்தது. இவ்வளவு நேரமும் நான் அழுத்திய வட்டம். அதையும் அவனே அழுத்தினான். அழுத்திவிட்டுத் தலையைக் குனிந்தான். கழுத்து ஒருபக்கம் இழுத்தது, மறுபடி குனிந்தான், வாய் போனுக்கு ஒரு விரற்கடை தூரத்துக்கு வரும்வரை.

அண்ணனுக்குத் தொண்டையில் ஒரு சத்தம் உண்டு. 'ஆ'வும் இல்லை, 'ங்'கும் இல்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, வழியில் எங்கெங்கோ முட்டிக்கொண்டு, கடைசியில் மூக்குப் பக்கம் கொஞ்சம் கசிந்து வருவது. வெளியாட்கள் கேட்டால் பயந்துவிடுவார்கள் என்று அவன் வெளியில் அதைச் செய்வதே இல்லை. அந்தச் சத்தத்தைச் செய்தான். நீளமாக. முடிவில் மேலே ஏறி நின்றது, கேள்வி கேட்கிற மாதிரியோ கூப்பிடுகிற மாதிரியோ. பிறகு வட்டத்தைத் தட்டி நிறுத்தினான்.

கட்டத்தை அழுத்தினான். போன் அண்ணனின் குரலில் பேசியது. ஆண் குரல். நல்ல கனமான குரல், எங்கள் அப்பாவுடையதைவிடக் கனம்.

கீழே ஒரு சின்னப் பெட்டி திறந்தது. சொல்லின் பெயர் என்ன என்று கேட்டது. காலையிலிருந்து நான் மளமளவென்று அடித்துக்கொண்டிருந்த பெட்டிதான். 'வாலு' என்று அடித்துக் காட்டினேன். கண்ணை மூடினான். அழித்தேன். 'இரு' என்று அடித்தேன். மூடினான். அழித்தேன். அவன் தனக்கு அவசரமில்லை என்கிற மாதிரி தலையணையில் சாய்ந்துகொண்டு, மறுபடி அந்தக் கட்டத்தை அழுத்தினான். அந்தச் சத்தம் அறை முழுக்க வந்து போனது. காலிப் பெட்டிக்குள் ஒற்றைக் கோடு மின்னிக்கொண்டிருந்தது. நான் இரண்டு கட்டைவிரல்களையும் எழுத்துகளுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, அவன் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.